யார் காலால் அளப்பது?

என் எதிரியே, என் கண்ணான சகாயமே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை. பாளையங்கோட்டை மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதும் பொய்தான். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து குழாயடி வரை போகிறேன், தண்ணீர் குடிக்காமலே திரும்பி வருகிறேன். பக்கத்துப் படியில் இருந்த ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஒங்க பிள்ளையா டீச்சர் தாண்டுது?" என்று கேட்டார். "எங்க பிள்ளைதான்" என்றேன். சரிதானே?

கீழே பையன்களுக்கு நீளம் தாண்டுதல் நடக்கிறது. அது முடிந்து மணலைச் சரிசெய்ததும் பெண்களுக்கு ட்ரிபிள் ஜம்ப். உன் மகள் பெனிட்டா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்பைக்ஸ், அதுதான் ஆணி வைத்த ஷூ, அதன் கயிற்றைக் கட்டுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடியும் கட்டுகிறாள். காலையில் பஸ்ஸில் வரும்போது பேசியதோடு சரி, அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அப்போது பேசியதும் ஒரே ஒரு பேச்சுதான்.

"சித்தி, இன்னைக்கும் செவப்புக் கொடின்னா நான் விட்டுருதேன். இனிமே தாண்ட மாட்டேன்."

நீ போன பிறகு அவளுக்கு ஒரு வெள்ளைக் கொடி கிடைக்கவில்லை சகாயம். ஒன்றுகூட இல்லை. எந்தப் போட்டிக்குப் போனாலும் மூன்று வாய்ப்பும் சிவப்பு. மணலில் எவ்வளவு தூரம் போய் விழுந்தாலும் என்ன பயன்? ஓடி வந்து மிதிக்கிற பலகையைக் கால் தாண்டிவிடுகிறது. அளப்பதற்கு முன்னாலேயே சிவப்புக் கொடி எழும்பிவிடுகிறது.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன், நம் ஆட்டம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஓடி வர வேண்டும். பலகையில் மிதித்து எழும்பி, மிதித்த காலிலேயே இறங்க வேண்டும். அடுத்து மறு காலில் இறங்க வேண்டும். அதற்கப்புறம்தான் மணலுக்குத் தாவ வேண்டும். பாண்டி விளையாடின பிள்ளைகளுக்குப் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும். பலகையைப் பார்த்துக்கொண்டு ஓடக் கூடாது, பார்த்தால் வேகம் போய்விடும். அதனால் ஓட்டம் எங்கே தொடங்குவது என்று முன்னாலேயே அளந்து ஒரு அடையாளம் வைத்துக்கொள்வோம். அந்த அடையாளம் சரியாக இருந்தால் கால் தானாகப் பலகையில் விழும். என் பிரச்சினை முழுவதும் அந்த அடையாளம்தான்.

நீ மட்டும் டேப் பிடித்து அளந்திருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திருக்குமா?

எல்லாம் வடக்கே நடந்த அந்தத் தடகள மீட்டில் ஆரம்பித்தது. அதற்குள் நீ பெரிய ஆள். கூடங்குளத்துக்குப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மாவட்டத்தில் என்னைத் தோற்கடித்து, மாநிலத்தில் என்னைத் தோற்கடித்து, இந்திய அளவில் மெடல் வாங்கியிருந்தாய். ஆழ்வார்குறிச்சிக்காரி நான் எப்போதும் உனக்கு அடுத்த படியில் நிற்பேன். போட்டோ எடுக்கும்போது நீ குனிந்து என் காதில், "ஏட்டி பேச்சி, எதிரி மாதிரி மொறைச்சிப் பாரேன், அப்பத்தான் பேப்பர்ல போடுவான்" என்பாய். நான் முறைக்கப் பார்ப்பேன், சிரிப்பு வந்துவிடும். அன்றிலிருந்து யாரிடம் என்னை அறிமுகம் செய்தாலும் "இவ என் எதிரி"தான்.

அந்த மீட்டில் உன் டேப்பை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். மைதானத்தில் கிடந்த டேப்பை வாங்கி அளந்தாய். அதன் நுனி கிழிந்து, முன்பாகம் கொஞ்சம் இல்லை, அதனால் அடையாளம் பலகைக்குக் கிட்டே விழுந்துவிட்டது. அதை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மூன்றும் சிவப்பு. உனக்கு வேகம் கூடிவிட்டது என்று நினைத்து, மெதுவாக ஓடச் சொல்லி நான் ஓரத்தில் நின்று, "பைய! பைய!" என்று கத்தினேன். கொடி பிடித்திருந்த இந்திக்காரர் தன்னைத்தான் 'பையா', அண்ணா, என்று கூப்பிடுகிறேன் என்று நினைத்து, என்ன தங்கச்சி வேண்டும் என்பது மாதிரி எழுந்து வந்துவிட்டார். நீ சிவப்புக் கொடி வாங்கிய கையோடு மணலில் புரண்டு புரண்டு சிரித்தாய். அன்றைக்கு எனக்குத் தங்கம். என் வாழ்நாளில் உன்னை நான் ஜெயித்த ஒரே நாள், அதுவும் ஒரு கிழிந்த டேப்பின் தயவில்.

அன்றோடு நீ டேப்பைத் தொடவில்லை. "டேப்பு ஊருக்கு ஊர் மாறும்ட்டி. என் காலு மாறாது" என்றாய். பலகையிலிருந்து பின்னால், குதிகாலோடு கட்டைவிரலை ஒட்டி ஒட்டி வைத்து அளந்தாய். முட்டி போன பிறகு கோச் ஆனாய். அப்போதும் அதே கதைதான். ஸ்பைக்ஸிலிருந்து ஆணியைக் கழற்றிவிட்டு, அந்தப் பழைய நீல ஸ்பைக்ஸைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் உன் காலாலேயே அளந்தாய். கடற்கரைப் பிள்ளைகள், மேலப்பாளையத்துப் பிள்ளைகள், எங்கள் பக்கத்து வயக்காட்டுப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் ஓட்டத்தைச் சொல்லும்போது "அக்கா அடிக்கு இத்தனை" என்றுதான் சொல்வார்கள். பெனி மட்டும் "அம்மா அடிக்கு" என்பாள். எத்தனை என்று இங்கே எழுதமாட்டேன். மற்ற கோச்சுகளும் படிப்பார்கள்.

இரு. பெயர் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வருகை எடுத்துவிட்டார்கள். இன்னும் நேரம் இருக்கிறது. காற்று வேறு அடிக்கிறது, குற்றாலத்தில் சாரல் கட்டினால் இங்கே அடிக்கிற காற்று. ஓடுகிறவளைப் பின்னாலிருந்து தள்ளும். இன்றைக்குத்தானா அது வர வேண்டும்?

நீ காய்ச்சல் என்று படுத்து, ஒரு வாரத்தில் போய்விட்டாய். இன்னும் எனக்கு அதில் கோபம் ஆறவில்லை. உன்னைப் போன்றவளை ஒரு காய்ச்சலா கொண்டுபோகும்? பெட்டியை மூடுவதற்கு முன்னால் உன் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் சட்டென்று வீட்டுக்குள் போனார். அந்த நீல ஸ்பைக்ஸைக் கொண்டுவந்து உன் காலில் மாட்டிக் கயிறும் கட்டிவிட்டார். "அவ வெறுங்காலோட போகக் கூடாது" என்றார். பங்குச் சாமியார் தடுக்கவில்லை. நானும் அழுதுகொண்டே, சரியாகத்தான் செய்தார் என்று நினைத்தேன்.

உன் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வந்துவிடுவேன். முதல் நாள் பெனி வந்து, "அம்மா அடிக்கு இத்தனை சித்தி" என்று எண்ணைச் சொன்னாள். நானும் பலகையில் குதிகாலை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். யாருடைய அடி?

உனக்குத்தான் வள்ளம் மாதிரி நீளமான கால். என் காலைப் பார்த்து, "இது காலா, கருவாடா?" என்று கேட்டவள் நீ. என் காலால் அளந்தால் அடையாளம் பலகைக்குக் கிட்டே வந்துவிடும் என்று தெரியும். இருந்தாலும் ஒரு குத்துமதிப்பாகக் கூட்டி அளந்தேன். ஓடினாள். பலகை தாண்டிப் போயிற்று.

உன் வீட்டுச் செருப்பை வாங்கி வந்து அதை வைத்து அளந்தேன். செருப்புக்கும் ஸ்பைக்ஸுக்கும் எப்படிச் சரியாக வரும்? பலகை தாண்டியது. ஜங்ஷனில் நாம் வாங்குகிற கடைக்குப் போய், உன் நம்பரைச் சொல்லி ஒரு ஜோடி கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி எடுத்துக் கொடுத்துவிட்டு, "கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் டீச்சர். போடுதவங்களைக் கூட்டிட்டு வாங்க, போட்டுப் பாத்துட்டு வாங்கலாம்" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை என் கையில் பிடித்து, தவழ்கிற பிள்ளை மாதிரி முட்டி போட்டு, ஓடுபாதை நெடுக ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒட்டி வைத்து அளந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அப்போதும் பலகை தாண்டியது.

போன மாதம் உன் கல்லறைக்குப் போனேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நின்றேன். கடற்கரை மணல்தானே, மண்வெட்டிகூட வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கோபப்படாதே சகாயம், வந்தது. அந்த ஸ்பைக்ஸ் ஒன்று கிடைத்தால் போதும், ஒரே ஒன்று, அளந்துவிட்டுத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நின்றேன். பிறகு எனக்கே பயமாகப் போய்விட்டது. பஸ் வருவதற்கு நேரம் இருந்தும் ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். சேவியர் அண்ணனிடம்கூட இதைச் சொல்லவில்லை. இனிமேல் இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

மணல் சரிசெய்துவிட்டார்கள். போகிறேன்.

முதல் தாண்டல். சிவப்பு.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் குனிந்து அடையாளத்தைப் பார்த்தேன். உன் நம்பர் ஸ்பைக்ஸால் அளந்து அடையாளத்துக்கு ஒட்டிய வெள்ளை ஒட்டு டேப் அங்கேயே இருக்கிறது, நகரவில்லை. ஒருவேளை நான் அளக்கும்போது ஒன்று விட்டுப்போயிற்றோ? ஒட்டி வைக்கும்போது இடைவெளி விழுந்ததோ? நீ அளக்கும்போது குதிகாலை அழுத்துவாயா, கட்டைவிரலை அழுத்துவாயா? இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் அதை நான் கவனித்ததில்லை பார்.

இரண்டாவது. சிவப்பு. பலகைக்கு அந்தப் பக்கம் களிமண் மாதிரி ஒன்று பூசியிருப்பார்களே, அதில் அவள் கால் தடம் நன்றாகப் பதிந்திருந்தது. முன்னதைவிட இன்னும் தள்ளி.

இதற்கு மேல் நடந்ததை அங்கே வைத்து எழுத முடியவில்லை. இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். சேரன்மகாதேவி தாண்டியாயிற்று. கை குலுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் ரோட்டைத் திட்டு.

இரண்டாவது சிவப்பு விழுந்ததும் நான் வேலி ஓரமாக அங்கும் இங்கும் நடந்தேன். பையிலிருந்து அந்தப் புது ஸ்பைக்ஸை எடுத்தேன், அதிகாரியிடம் கேட்டு மறுபடி அளக்கலாமா என்று யோசித்தேன். பெனி வந்தாள். வந்தவள் என் கையிலிருந்து ஸ்பைக்ஸைப் பிடுங்கினாள். பிடுங்கித் தரையில் போட்டாள்.

"சித்தி, எத்தனை மாசமா அம்மா காலையே தேடுதீங்க. நான் ஓடுதத ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

"பாக்காமலா இருக்கேன்? அடையாளம் சரியா வரலியேன்னுதானே..."

"அடையாளத்தப் பாக்குதீங்க. பலகையப் பாக்குதீங்க. அம்மா இருந்தா என்னயப் பாத்திருப்பா."

அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அது அம்மா இருக்கும்போது அளந்தது. அன்னைக்கு நான் ஓடுன ஓட்டத்துக்கு அளந்தது. இப்ப நான் வேகமா ஓடுதேன் சித்தி. அம்மா செத்ததுலருந்து எனக்குப் பைய ஓட முடியல."

சகாயம், நீ இதைக் கேட்டிருந்தால் என்னை ஒரு அறை அறைந்திருப்பாய். அறிவு கெட்டவளே, பிள்ளைக்கு வேகம் கூடியிருக்கிறது, கால் நீட்டி வைக்கிறாள், அடையாளம் பின்னால் போக வேண்டாமா என்று கேட்டிருப்பாய். முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். தடம் ஒவ்வொரு தடவையும் இன்னும் இன்னும் தள்ளி விழுந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உன் கால் அளவு மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். உன் எண் சரியான எண்தான். அந்த ஓட்டம்தான் இப்போது இல்லை.

"ஒரு தடவ ஓடிக் காட்டு" என்றேன்.

அடையாளத்துக்கு நேராகத் தொடங்கி, ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்லில் ஓடினாள். நான் பலகையைப் பார்க்கவில்லை, அடையாளத்தைப் பார்க்கவில்லை. அவளை மட்டும் பார்த்தேன். எப்படி ஓடுகிறாள் தெரியுமா? உன்னைப் போல இல்லை. நீ தலையைக் குனிந்து முட்டுகிற ஆட்டுக்கடா மாதிரி வருவாய். இவள் நெஞ்சை நிமிர்த்தி, யாரோ துரத்துகிற மாதிரி வருகிறாள். எழும்புவதற்கு மிதித்த கடைசிக் கால் விழுந்த இடத்தில் போய் நின்றேன். பலகைக்கு நேரே ஒப்பிட்டால் நல்ல தூரம் தள்ளி இருந்தது. அவ்வளவையும் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

"அளங்க" என்றாள்.

"எதை வச்சி?"

"ஒங்க காலாலதான். வேற யாரு காலு இருக்கு இங்கன?"

என் பழைய கேன்வாஸ் ஷூ. பலகையில் குதிகாலை வைத்தேன். கருவாட்டுக் காலால் ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டே போனேன். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார், சீக்கிரம் என்றார். நான் போய்க்கொண்டே இருந்தேன். அந்த வெள்ளை டேப் வந்தது. உன் எண். இத்தனை நாளாக நான் முட்டி போட்டுத் தேடிய இடம். அங்கே என் கால் கொஞ்சம் நின்றுவிட்டது. அதைத் தாண்டி வைக்க மனம் வரவில்லை.

பெனி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள். "போங்க சித்தி" என்றாள்.

தாண்டி வைத்தேன். இன்னும் பின்னால் போய், நின்று, புது டேப் ஒட்டினோம். உன் டேப்பை அவள் கிழிக்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும் என்றாள். ஓடும்போது அதைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

மூன்றாவது தாண்டலுக்கு அவள் நின்றபோது நான் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காற்று அதே மாதிரி தள்ளியது. அவள் கிளம்பியதும் 'பைய' என்று கத்த வாய் திறந்துவிட்டேன். கத்தவில்லை சகாயம். பைய ஓட முடியவில்லை என்று சொன்ன பிள்ளையிடம் அதை எப்படிக் கத்துவது? ஓடட்டும் என்று விட்டேன். பலகையில் கால் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு கால், மறு கால், மணல். நான் மணலைப் பார்க்கவில்லை. கொடிக்காரர் கையைத்தான் பார்த்தேன். அவர் குனிந்து பலகையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை நேரம்தான் பார்ப்பார் ஒரு மனிதர்?

வெள்ளை.

பக்கத்துப் படிக்காரர் இறங்கி வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். இந்தத் தடவை குடித்தேன்.

பதக்கம் உண்டா என்று கேட்பாய். இல்லை. முதல் எட்டுப் பேருக்குள் வந்தாள், அவர்களுக்குக் கிடைக்கிற அடுத்த மூன்று வாய்ப்பில் இன்னும் ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு. இங்கே இரண்டு பேர் அவளைவிட நன்றாகத் தாண்டுகிறார்கள், மூன்றாவது ஒருத்தி மயிரிழையில் தப்பினாள். பெனிக்கு நடுவில் வருகிற அந்த இரண்டாவது கால் இன்னும் சப்பையாகத்தான் இருக்கிறது. உனக்கும் அதுதான் பலவீனம், நீ ஒத்துக்கொண்டதே இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பரோட்டா பொட்டலத்தைப் பிரித்தவள், வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "சித்தி, நாளைக்குப் பிராக்டிஸ் உண்டுல்லா?" நான் வெளியே பார்த்துக்கொண்டேன். வாய்க்காலில் தண்ணீர் போகிறது, நடவு நடக்கிறது. "உண்டு, நேரத்துல எந்திரி" என்றேன். இன்று எங்கள் வீட்டில்தான் தங்குகிறாள். இப்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அதனால்தான் எழுத்து இன்னும் கோணல்.

நாளைக்கு மற்றப் பிள்ளைகளும் வருவார்கள். எல்லோரும் "அக்கா அடிக்கு இத்தனை" என்று ஒரு எண்ணை வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நீ கொடுத்தது. ஆனால் ஒவ்வொருத்தியையும் புல்லில் ஓடச் சொல்லி, முதலில் அவள் ஓடுவதைப் பார்ப்பேன். அப்புறம்தான் அளப்பேன். அவர்களுக்கு வேகம் கூடக் கூட மறுபடி அளப்பேன், ஒரு நாள் அவரவர் காலாலேயே அளந்துகொள்ளச் சொல்லிக் கொடுப்பேன். உன் காலை இனித் தேடமாட்டேன் சகாயம். இது என் வாக்கு.

சேவியர் அண்ணன் செய்தது சரிதான். அந்த ஸ்பைக்ஸ் உன் காலிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் எதிரி,
உன் பிள்ளைக்குச் சித்தி,
பேச்சியம்மாள்